ஒப்படைக்கும் நேரம்

கதிர்,

இன்று மதியம் தல்லாகுளத்தில், கோர்ட்டு வராந்தாவில் வைத்து, நீ ஒரு ஆளின் நெற்றியை உடைத்தாய். உனக்கு வயது ஏழு. உன் கையில் இருந்தது பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். கழுத்து வரை தண்ணீர் இருந்ததால் நல்ல கனம். அவனுக்குப் புருவத்துக்கு மேலே தோல் பிளந்து, ரத்தம் மூக்கோரம் இறங்கி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சொட்டியது. உன் அப்பா உன் கன்னத்தில் அறைந்தார். ஒரு போலீஸ்காரர் ஓடிவந்தார். பஸ் ஏறிப் பரவை வந்து இறங்கினோம். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே உன் அப்பா சொல்லிவிட்டார்: "இவன் இங்க இருந்தா உருப்பட மாட்டான். திருமங்கலத்துல அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுர்றேன். அங்கேயே இருந்து படிக்கட்டும்." நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலையில் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் பேசத் தோன்றுகிறது. ஏழு வயதுக்காரனிடம் பேசி என்ன புரியும்? அதனால் நீ வளர்ந்து, மீசை வைத்து, என் இப்போதைய வயதைத் தொட்டபின் இருக்கப்போகிற ஆளுக்கு எழுதுகிறேன். எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. உன் வயதுக்காரி ஒருத்தி பயந்துபோய் எழுதுகிறாள் என்று வைத்துக்கொண்டு படி.

"உங்கம்மா என்ன வேலை பார்க்குறாங்க?" என்று யூ.கே.ஜி.யில் யாரோ கேட்டதற்கு, "எங்கம்மா பாதி மிஸ்" என்று நீ சொன்னாயாம். டீச்சர்ஸ் ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான். கெமிஸ்ட்ரி படித்தவள் ஒன்றாம் வகுப்பில் மூக்குச் சளி துடைக்கிறாளே என்று உறவில் பேசினார்கள். அவர்களைவிட நீ சரியாகச் சொல்லியிருந்தாய். பி.எட். முடிக்காததால் முழு மிஸ் ஆக முடியாது. வகுப்பு ஜெசிந்தா மிஸ்ஸுடையது. நான் அசிஸ்டன்ட். சேர்ந்த அன்றே ஜெசிந்தா மிஸ் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்: "இங்க பாரும்மா. போர்டு என்னோடது. நான் போர்டப் பாத்து எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால நடக்குறதெல்லாம் உன்னோடது." அந்த முதுகுக்குப் பின்னால் என்னவெல்லாம் நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒன்றாம் வகுப்பு என்றால் பாட்டுப் பாடுகிற இடம் என்று நினைக்கிறார்கள். கூராகச் சீவிய பென்சிலைப் பக்கத்துப் பையனின் உள்ளங்கையில் இறக்கிவிட்டு, முனை உள்ளே ஒடிந்துபோனதற்காக அழுத பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ரப்பருக்காக ஒருத்தன் இன்னொருத்தனின் காதைக் கடித்து, பல் பதிந்த இடத்தில் ரத்தம் முத்து முத்தாக எழும்பியது. வாந்தி, மூத்திரம், கடி, கீறல். கெமிஸ்ட்ரி லேபில் ஆசிட் பட்ட கையை எப்படிக் கழுவுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் கழுத்தைப் பிடித்துத் தொங்கும்போது எந்த விரலை முதலில் பிரிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கட்டைவிரலை.

யாழினியை உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. நீ யூ.கே.ஜி.யில் இருந்தபோது அவள் என் வகுப்பில் ஒன்றாம் வகுப்பு. ஒல்லிப் பிள்ளை, இரண்டு பக்கமும் சடை, எப்போதும் மடித்துக்கட்டிய ரிப்பன். பாதி வருஷத்தில் வந்து சேர்ந்தாள். முதல் வாரமே மரப் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து ஸ்கேலால் அடித்தாள். விளையாட்டு என்று விட்டுவிட்டோம். பிறகு பொம்மைகளை விட்டுவிட்டுப் பிள்ளைகளை அடிக்க ஆரம்பித்தாள். வெறி வந்துவிட்டால் கண்ணில் படுகிறதெல்லாம் பறக்கும். டிபன் பாக்ஸ், ஷூ, ஒரு தடவை கம்பாஸ். அடிக்கும்போது அவள் கத்துவது பிள்ளைக் குரலாக இருக்காது. "பேசுவியா? பேசுவியாடி? வாயத் தொற, பேசு!" என்பாள். எங்கே கேட்டதை அப்படியே சொல்கிறாள் என்பது எனக்கும் ஜெசிந்தா மிஸ்ஸுக்கும் புரிந்தது. அவள் அம்மா செல்வி, ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவள், மாலையில் கூட்டிப் போக வரும்போது முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் வருவாள், மார்ச் மாத வெயிலிலும்.

ஒருநாள் யாழினி ஜன்னல் கம்பியில் தன் தலையைத் தானே மோத ஆரம்பித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பின்மண்டையால் என் தாடையில் இடித்தாள். குதிகாலால் என் முழங்காலில் உதைத்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை என்பதுதான் உண்மை. கொஞ்ச நேரம் கழித்து, இறுக்கிக் கட்டிய மூட்டை அவிழ்ந்த மாதிரி அந்த உடம்பு தளர்ந்தது. என் மடியிலேயே தூங்கிப்போனாள். ஜெசிந்தா மிஸ் சாக்பீஸும் கையுமாக நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கபடியா?" என்றார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் பிடி" என்றார். அதன்பிறகு அது எங்கள் வகுப்பின் வழக்கம் ஆயிற்று. யாழினிக்குக் கண் சிவந்தால் பிள்ளைகளே, "மிஸ், பிடிக்கிற நேரம் வந்துருச்சு!" என்று குரல் கொடுப்பார்கள். என் கைகளில் எப்போதும் பல் தடம் இருக்கும். நீ அதைத் தொட்டுப் பார்த்து, "இது யாழினியா?" என்று கேட்பாய். கோபமாகத்தான் கேட்பாய். உன் அம்மாவை வேறொரு பிள்ளை கடிப்பதா என்று உனக்குக் கோபம்.

இப்போது பள்ளிக்கூடக் கேட்டில் நடந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் மாலை மணி அடித்ததும் வகுப்பு மிஸ்கள் டைரி எழுத உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளைக் கேட்டில் ஒப்படைப்பது அசிஸ்டன்ட்களின் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கார்டு, அதில் யார் படம் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் கொடுக்க வேண்டும். படத்தில் இல்லாதவர் கலெக்டராக இருந்தாலும் கிடையாது. யாழினியின் கார்டில் இருந்த அப்பா படத்தைச் செல்வியே வந்து நீக்கச் சொல்லியிருந்தாள். அந்த ஆள் வீட்டுப் பக்கமோ பள்ளிக்கூடத்துப் பக்கமோ வரக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருந்தாள். "மிஸ், என்ன சொன்னாலும் விட்றாதீக. அழுவாப்ல. கால்ல கூட விழுவாப்ல. விட்றாதீக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் விடமாட்டேன் என்று சொன்னேன். சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை அல்லவா, சொன்னேன்.

அன்றைக்கு உன் வகுப்பு முன்னதாகவே விட்டுவிட்டதால் நீ என்னுடன் கேட்டில் நின்றாய், என் இடது கையைப் பிடித்துக்கொண்டு. வலது கையில் யாழினி. மற்றப் பிள்ளைகள் எல்லாம் போயாகிவிட்டது. வாட்ச்மேன் அண்ணன் ரோட்டில் வேனைத் திருப்பிவிடப் போயிருந்தார். ஒரு பைக் வந்து நின்றது. இன்ஜினை அணைக்காமலே ஸ்டாண்டு போட்டு அவன் இறங்கினான். நல்ல சட்டை, நெற்றியில் விபூதி, கையில் பெரிய சாக்லேட். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, "வணக்கம் மிஸ். பாப்பாவக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றான். அம்புட்டு மரியாதை.

"அவங்க அம்மா வந்துருவாங்க சார். கார்டுல உங்க படம் இல்ல."

"படமா? என்னங்க மிஸ், பெத்தவனுக்குப் படம் வேணுமா? பாப்பா மூஞ்சியப் பாருங்க, என் மூஞ்சி தான."

"நீங்க ஆபீஸ்ல பேசுங்க சார்."

"ஆபீஸ்ல என்னத்த பேசுறது? நீ யாரு? ஆயா தான நீ? எம் புள்ளையக் குடுக்க ஆயாகிட்ட நான் கெஞ்சணுமா?"

யாழினி என் விரல்களை நசுக்கினாள். அவள் கத்தவில்லை. பள்ளிக்கூடத்தையே இரண்டாக்குகிற பிள்ளைக்கு அன்று சத்தமே இல்லை. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். அவன் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்து இழுத்தான். நானும் இழுத்தேன். அவள் தோளில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு கையால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த நொடியில் நான் உன் கையை உதறிவிட்டு, இரண்டு கையாலும் அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

முதல் அடி வாயில். ஹெல்மெட் வந்ததை நான் பார்க்கவே இல்லை. பல் ஒன்று நாக்கின் மேல் கிடந்ததை உணர்ந்தேன், துப்புவதற்கு நேரமில்லை. "எம் புள்ள!" என்று சொல்லி அடித்தான். அடுத்தது தோள்பட்டையில், "எம் புள்ள!" கழுத்துக் காறை எலும்பு முறிந்தது. வலி உடனே வரவில்லை. கை மட்டும் வேறு யாருடைய கையோ மாதிரி ஆனது. கீழே உட்கார்ந்து யாழினியை என் வயிற்றுக்குள் வைத்து மடிந்துகொண்டேன். முதுகில், தலையில், அடி ஒவ்வொன்றுக்கும் "எம் புள்ள, எம் புள்ள" என்றான். பிறகு அவன் காலை ஓங்கி உதைக்கப் பின்வாங்கியதில் பைக் மேல் இடித்தான். ஓடிக்கொண்டிருந்த பைக் சாய்ந்தது. நீ அங்கே நின்றிருந்தாய். நான் எங்கே விட்டேனோ அங்கேயே, ஒரு அடிகூட நகராமல். சைலன்சர் உன் காலின் மேல் விழுந்தது.

உன் கெண்டைக்காலில் இருக்கிற அந்தத் தழும்பு அப்படித்தான் வந்தது. பைக்கில் சுட்டுக்கொண்டான் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். முழுசாக இதுதான்: நீ அலறினாய், நான் திரும்பிப் பார்த்தேன், உன் கால் பைக்குக்கு அடியில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன், நான் யாழினியை விடவில்லை. வாட்ச்மேன் அண்ணன் ஓடிவந்து பைக்கைத் தூக்குகிற வரைக்கும் விடவில்லை. நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்த பிறகும், செல்வி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிற வரைக்கும் விடவில்லை. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பேச முடியாமல் வாயில் தையலோடு நான் படுத்திருந்த நாட்களில், கட்டுப் போட்ட காலோடு நீ கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் கிட்டே வந்து, கட்டு போட்ட என் தோளின் மேல் ஓங்கிக் குத்தினாய். உயிர் போய்விட்டது. "ஏன் என் கைய விட்ட?" என்றாய். வாய் தைத்திருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். வாய் ஆறிய பிறகும் சொல்லவில்லை. அதன்பிறகு நீ அடிக்க ஆரம்பித்தாய். வேனில் ஒரு பையனின் மூக்கை உடைத்தாய். பக்கத்து வீட்டுப் பாப்பாவை மாடிப்படியில் தள்ளினாய். உன் மிஸ் கூப்பிட்டு அனுப்பினால் நான் போய்த் தலைகுனிந்து நிற்பேன், மற்ற அம்மாக்கள் என் முன்னால் தலைகுனிந்து நின்ற அதே இடத்தில். ஊரார் பிள்ளை கடித்தால் பேசாமல் கட்டிப் பிடித்து உட்காரத் தெரிந்தவள், நீ கடித்தால் அறைந்தேன். ஏன் என்று கேட்டால், நீ என் பிள்ளை, அதனால் அறையலாம் என்று நினைத்திருக்கிறேன். அந்த ஆள் சொன்ன அதே வார்த்தை. எழுதும்போதுதான் கையில் தட்டுப்படுகிறது.

கேஸ் விசாரணைக்கு வந்ததும் அவன் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். உன் அப்பாவுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. அங்கே வராமல் நேரே வீட்டுக்கு வந்ததே ஒரு சேதிதான். "என்ன மாப்ள, நம்ம எல்லாம் தாயா புள்ளையாப் பழகுறவுக. ஏதோ கோவத்துல பண்ணிப்புட்டான். தங்கச்சி படிச்ச புள்ள, சரியா ஞாபகம் இல்லன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றார் பெரியவர். போகும்போது வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த உன்னைப் பார்த்து, "ரோட்டுலயா வெளாடுறான்? லாரி போற ரோடு. பாத்துக்கங்க" என்றார். உன் அப்பா ஆப்பிள் பையைத் தூக்கிச் சாக்கடையில் வீசிவிட்டு வந்து என்னிடம், "ஞாபகம் இல்லன்னு சொல்லிரேன்டி. நமக்கு எதுக்கு?" என்றார். அவரைக் கோழை என்று நினைத்துவிடாதே. அன்றிலிருந்து கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு உன்னைத் தானே வந்து கூட்டிப் போனார். பயப்படுகிறவர்கள்தான் வீட்டில் பாதி வேலையைப் பார்க்கிறார்கள்.

இன்று கூண்டில் ஏறினேன். யாரிடமும் விட முடியாததால் உன்னையும் கூட்டிப் போயிருந்தோம். நீ உன் அப்பாவுடன் கதவருகில் நின்றாய். அவனுடைய வக்கீல் சத்தம் போடவில்லை. ரொம்ப அன்பாகக் கேட்டார்.

"நீங்க ஒரு தாய்தானம்மா?"

"ஆமா சார்."

"உங்க மகன் அப்ப உங்க கையப் பிடிச்சிருந்தான். அஞ்சு வயசுப் பிள்ளை."

"ஆமா சார்."

"அவன உதறிட்டு, ஊரான் பிள்ளைய ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டதா சொல்றீங்க. பெத்தவ எவளாவது செய்வாளா? நான் சொல்றேன். நீங்க உங்க மகனைத்தான் பிடிச்சிருந்தீங்க. தாய்னா அதுதான் செய்வா. தள்ளுமுள்ளுல பைக் சாஞ்சு எல்லாரும் விழுந்தீங்க. என் கட்சிக்காரர் உங்களத் தொடவே இல்ல. சரிதானம்மா?"

கதிர், 'சரி' என்று ஒரு சொல் போதும். கேஸ் முடியும். வீட்டுக்கு ஆப்பிள் வராது. அதற்கும் மேலே, உன் காதில் விழும்படி, நான் உன் கையை விடவே இல்லை என்று கோர்ட்டிலேயே எழுதி வைத்துவிடுவார்கள். நான் எத்தனை ஆசைப்பட்ட பொய் அது. கதவைப் பார்த்தேன். நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், கேட்டில் பார்த்த அதே பார்வை.

"விட்டேன் சார்," என்றேன்.

"கேக்கல."

"எம் பிள்ள கைய நான் விட்டேன். பைக் அவன் கால்லதான் சாஞ்சிச்சு. நான் விழல, என்னய அடிச்சாரு."

ஜட்ஜம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஏம்மா விட்டீங்க?" என்று கேட்டார். கேஸுக்காகக் கேட்ட மாதிரி இல்லை. நான் சொன்னேன்: "எம் பிள்ளைய யாரும் இழுக்கலம்மா. அவளத்தான் இழுத்தாக. அவங்கம்மா வந்து வாங்குற வரைக்கும் அவ என் கையில இருக்கணும். அதுதான் அங்க என் வேல."

அதுவே உனக்கும் பதில். இது நியாயம் என்று நான் சாதிக்க மாட்டேன். இரண்டு கைதான் இருந்தது. உன் கால் வெந்தது. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. மறுபடியும் அப்படி ஒரு நொடி வந்தால் நான் என்ன செய்வேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னால் எனக்குத் தெரியவில்லை. அவளை விட்டிருந்தால் அவள் இன்று இருந்திருப்பாளா என்றும் தெரியவில்லை. தெரிந்த ஒன்றே ஒன்று, அவள் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், யாரையும் அடிப்பதில்லை.

வெளியே வந்தோம். அப்போதுதான் அவன் வராந்தாவில் நம்மைக் கடந்து போனான். நின்றான். உன் உயரத்துக்குக் குனிந்து, "என்ன மாப்ள, கால் எப்புடி இருக்கு? ஆறிருச்சா?" என்று சிரித்தான். நீ பாட்டிலைச் சுழற்றினாய்.

அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். மனசு குளிர்ந்தது. என் பல்லுக்கும் எலும்புக்கும் உன் காலுக்கும் சேர்த்து யாரோ பதில் சொல்லிவிட்ட மாதிரி. இன்னொன்று போடு என்றுகூட நினைத்தேன். அப்போது அந்த ஆள் ரத்தத்தைக் கையால் வழித்துப் பார்த்துவிட்டு, கோபப்படாமல், கடகடவென்று சிரித்தான். "ஆம்பளப் புள்ளடா! சபாஷ் மாப்ள! புலிக்குட்டிய்யா இவன்!" என்று தன் ஆட்களிடம் சொன்னான். மனசாரச் சொன்னான். உன் முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடி, ஒரே நொடி, உனக்கு அந்தப் பாராட்டு பிடித்திருந்தது. ஹெல்மெட்டுக்கு வராத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. உடனே உன் அப்பாவின் அறை விழுந்தது, போலீஸ்காரர், "சின்னப் பய, கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார், நீ எல்லோரையும் உதைத்துக் கத்தினாய்.

இதைப் படிக்கிற நீ இப்போது பலசாலியாக இருப்பாய். உன் அப்பாவின் தோள் உனக்கு வரும் என்று நினைக்கிறேன். என்றைக்காவது கை ஓங்கினால் அந்த நேரத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரியே தோன்றும். அவனுக்கும் தோன்றியது. அவனும் பிள்ளைமேல் ஆசைப்பட்டுத்தான் வந்தான், சாக்லேட் வாங்கிக்கொண்டு. 'என் பெண்டாட்டி', 'என் பிள்ளை' என்று சொல்லும்போது உன் கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள். அடித்த பிறகு யார் உன்னைப் பாராட்டுகிறார்கள் என்றும் பார்த்துக்கொள். எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். இதையும் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இத்தோடு நிறுத்திவிட்டு எழுந்து போனேன். இனி எழுதுவது மறுநாள்.

காலையில் உன் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நீ உன் ஸ்கூல் பையிலிருந்து புத்தகங்களை எடுத்துக் கீழே அடுக்கிவிட்டு, டவுசர் சட்டைகளை அதற்குள் திணித்துக்கொண்டிருந்தாய். அழவில்லை. பெரிய மனுஷன் மாதிரி வேலை நடந்துகொண்டிருந்தது. கன்னத்தில் விரல் தடம் இன்னும் இருந்தது.

"என்னடா பண்ற?"

"திருமங்கலம் போறேன்ல."

"யாரு சொன்னா?"

"அப்பா சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு." ஒரு பனியனை மடித்தாய். "யாழினியோட அப்பாவ, அவரு அடிச்சதுக்கு வீட்ட விட்டு அனுப்புனாங்கள்ல? நானும் அடிச்சேன்ல. அதான்."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து பைக்குள் கை விட்டேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். மறுபடி விட்டேன். என் மணிக்கட்டைக் கடித்தாய், நன்றாக ஆழமாக. அறையத்தான் கை எழுந்தது; எழுந்ததை நீயும் பார்த்தாய், கண்ணை மூடிக்கொண்டாய். அந்தக் கையை உன்னைச் சுற்றிப் போட்டு, பின்னாலிருந்து இழுத்து மடியில் உட்கார வைத்தேன். உதைத்தாய். முறிந்து கூடிய எலும்பின் மேலேயே தலையால் இடித்தாய். உன் அப்பா ஈரத் துண்டோடு வந்து வாசற்படியில் நின்றார். "என்னடி இது?" என்றார். "இவன் எங்கயும் போகல," என்றேன். அவர் கீழே அடுக்கியிருந்த புத்தகங்களைக் குனிந்து எடுத்தார்.

வெகுநேரம் கழித்து, மூச்சு அடங்கிய பிறகு, நீ என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாய்.

"நான் திரும்ப அடிச்சா?"

"அடிச்சாலும் இங்கதான் இருப்ப."

"என்ன பண்ணுவ?"

"இப்படியே பிடிச்சுக்கிட்டு உக்காந்துருப்பேன்."

"உனக்கு வலிக்கும்ல?"

"வலிக்கும்," என்றேன். "இப்பவே வலிக்குது."

நீ தலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, என் எலும்பின் மேல் படாமல் வைத்துக்கொண்டாய்.

அம்மா